மூன்று பேர் பெயரில் ஒரு செக்: யார் யார் கையெழுத்துப் போட வேண்டும்?

டெக்சஸில் டாலஸ் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்:

“இந்த வசந்த காலத்து ஆலங்கட்டி மழையில் எங்கள் வீட்டுக் கூரை பாழாகிவிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆள் வந்து பார்த்தார், கிளெய்மை ஏற்றுக்கொண்டு பதினாலாயிரம் டாலர் சொச்சத்துக்குச் செக்கும் அனுப்பிவிட்டார்கள். செக்கில் என் பெயர், மனைவி பெயர், மார்ட்கேஜ் கம்பெனி பெயர் மூன்றும் இருக்கின்றன. மனைவி தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கோவைக்குப் போயிருக்கிறாள், திரும்ப இன்னும் இரண்டு மாதமாவது ஆகும். எங்களுடையது ஜாயிண்ட் அக்கவுண்ட்தானே என்று நான் மட்டும் பின்னால் கையெழுத்துப் போட்டு மொபைலில் படம் எடுத்து வங்கிக்கு அனுப்பினேன், மறுநாளே திருப்பிவிட்டார்கள். போன வருஷம் எங்கள் இருவர் பெயரிலும் வந்த ஒரு சின்ன ரீஃபண்ட் செக்கை இப்படித்தான் போட்டேன், ஒரு பிரச்சினையும் வரவில்லை. மனைவி கையெழுத்தை நானே போட்டுவிடலாமா? அவளே போடச் சொல்கிறாள். கூரை வேலை செய்யும் ரூஃபர் வேறு தினமும் போன் செய்கிறார், செக்கில் கையெழுத்துப் போட்டுக் கையில் கொடுங்கள், மார்ட்கேஜ் கம்பெனியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். கூடவே இன்னொரு கேள்வி: இங்கேயே இருக்கும் என் தம்பிக்கு இப்போதுதான் கல்யாணம் ஆனது. அன்பளிப்பாக வந்த செக்குகளில் ‘மிஸ்டர் அண்ட் மிசஸ்’ என்று போட்டுத் தம்பி பெயர் மட்டும் இருக்கிறது. அவன் மனைவியின் பாஸ்போர்ட்டில் அவளுடைய அப்பா பெயர்தான் கடைசிப் பெயர். அவற்றை எப்படிப் போடுவது?”

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மனைவி கையெழுத்தை நீங்கள் போடாதீர்கள். ரூஃபர் கையில் செக்கைக் கொடுக்காதீர்கள். வேறு வங்கியிலோ ஏடிஎம்மிலோ அதே செக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்க்காதீர்கள். நீங்கள் முதலில் போன் செய்ய வேண்டிய இடம் மார்ட்கேஜ் கம்பெனி. அங்கே இந்த மாதிரி இன்ஷூரன்ஸ் செக்குகளைக் கவனிக்க ‘லாஸ் டிராஃப்ட்’ என்று ஒரு பிரிவு இருக்கும், வாடிக்கையாளர் சேவையில் யார் எடுத்தாலும் அந்தப் பிரிவுக்கு மாற்றச் சொல்லிப் பேசுங்கள். நான் வங்கியில் டெபாசிட் சிக்கல்களைப் பார்க்கிற பக்கம் வேலை செய்கிறவன், வக்கீல் இல்லை. ஆனாலும் இந்த விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் வங்கி ஏன் முகத்தைச் சுளிக்கிறது என்பது புரியும்.

செக்கை மேஜை மேல் வைத்துப் பாருங்கள். பெயர்களை விடுங்கள், பெயர்களுக்கு நடுவே என்ன அச்சாகியிருக்கிறது என்பதைப் பாருங்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் செக்குகளுக்கான விதிகள் யூசிசி என்ற வணிகச் சட்டத்தில் வருகின்றன. மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாக இயற்றிக்கொண்டதுதான், ஆனால் வாசகம் பெரும்பாலும் ஒன்று. அதில் 3-110 என்ற பிரிவின் கடைசிப் பத்தி நேராகவே பேசுகிறது. நடுவில் ‘ஆர்’ இருந்தால் யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும், மற்றவருக்குத் தெரியக்கூட வேண்டாம். ‘அண்ட்’ இருந்தால், அல்லது அதற்குப் பதிலாக அந்த வளைந்த ‘&’ குறி இருந்தால், பெயர் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஒருவர் குறைந்தாலும் அது பாதிச் செக்தான். ‘அண்ட்/ஆர்’ என்று இரண்டையும் சேர்த்துப் போட்டிருந்தால் ஒருவர் போதும். வெறும் சாய்கோடு மட்டும் இருந்தால் அதையும் நீதிமன்றங்கள் ‘ஆர்’ என்றே எடுத்துக்கொண்டு வந்திருக்கின்றன.

ஒன்றுமே இல்லாமல் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருந்தால்? அல்லது வெறும் காற்புள்ளி? இங்கேதான் பலரும், சில வங்கி ஊழியர்கள் உட்பட, தடுமாறுவார்கள். இப்போதைய யூசிசி வாசகப்படி தெளிவில்லாமல் இருந்தால் அது ‘ஆர்’ கணக்குதான், ஒருவர் கையெழுத்து போதும். பழைய வாசகத்தில் இது தலைகீழாக இருந்தது, ‘ஆர்’ என்று தெளிவாக இல்லையென்றால் எல்லோரும் போட வேண்டும் என்று. 1990-இல்தான் மாதிரிச் சட்டத்தைத் திருத்தினார்கள், பிறகு மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டன. நியூயார்க் மட்டும் நெடுங்காலம் பழையதையே பிடித்துக்கொண்டிருந்தது. ஆகவே நியூஜெர்சியில் இருக்கும் நண்பருக்கு நடந்தது நியூயார்க்கில் இருக்கும் மச்சானுக்கு நடக்கவில்லை என்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

உங்கள் செக்கில் மூன்று பெயருக்கும் நடுவில் ‘அண்ட்’ இருக்கும் என்றே நினைக்கிறேன், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் அப்படித்தான் அடிக்கும். மார்ட்கேஜ் கம்பெனி பெயருக்குப் பின்னால் ‘ஐஎஸ்ஏஓஏ’, ‘ஏடிஐஎம்ஏ’ என்று எழுத்துகள் தொங்கிக்கொண்டிருந்தால் அதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். முதலாவது ‘இட்ஸ் சக்சஸர்ஸ் அண்ட்/ஆர் அசைன்ஸ்’ என்பதன் சுருக்கம், அதாவது அந்தக் கடனைப் பிற்பாடு வாங்கிக்கொள்ளும் கம்பெனிக்கும் சேர்த்து. இரண்டாவது, அவரவருக்கு உள்ள பங்கின் அளவுக்கு என்ற பொருளில் போடுவது. சிலர் இதை விரிவாகவே அச்சடித்துவிடுவார்கள், அதில் ‘அண்ட்/ஆர்’ என்று வருவதைக் காட்டி “அதோ ‘ஆர்’ இருக்கிறதே” என்று கவுண்டரில் வாதாடியவர்களும் உண்டு. அந்த ‘ஆர்’ கம்பெனிக்கும் அதன் வாரிசுக் கம்பெனிக்கும் நடுவில் இருப்பது, உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் இருப்பது இல்லை.

சரி, போன வருஷம் ரீஃபண்ட் செக் எப்படிப் போயிற்று? மொபைலில் நீங்கள் எடுக்கும் படத்தை முதலில் பார்ப்பது இயந்திரம். அது அடியில் உள்ள எண் வரிசையையும் தொகையையும் பின்பக்கம் ஏதோ கையெழுத்து இருக்கிறதா என்பதையும் பார்க்கும். சின்னத் தொகை, பழைய வாடிக்கையாளர் என்றால் மனிதக் கண் படாமலேயே போய்விடும். பெரிய தொகை என்றால் யாராவது ஒருவர் திரையில் வைத்துப் பார்ப்பார், அப்போது மூன்று பெயரும் ஒரு கையெழுத்தும் கண்ணை உறுத்தும். அன்றைக்குப் போய்விட்டது என்பதால் அது சரி என்று ஆகாது, யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். அந்தச் செக்கில் இருந்த இரண்டு பெயருமே உங்கள் ஜாயிண்ட் அக்கவுண்டில் இருக்கிற பெயர்கள். தன் வாடிக்கையாளர் பெயருக்கே வந்த செக்கை அவர் கணக்கிலேயே போடும்போது கையெழுத்து விடுபட்டாலும் வங்கி அதை வசூலித்துக்கொள்ளச் சட்டத்தில், 4-205 பிரிவில், இடம் இருக்கிறது. பணம் போக வேண்டிய இருவருடைய கணக்குக்கும்தான் போகிறது என்பதால் பல வங்கிகள் கண்டுகொள்ளாது. இந்தச் செக்கில் மூன்றாவது பெயர் உங்கள் அக்கவுண்டில் இல்லையே, அங்கேதான் கதை மாறுகிறது.

வங்கி இவ்வளவு கறாராக இருப்பது உங்கள்மேல் சந்தேகப்பட்டு அல்ல. ‘அண்ட்’ போட்ட செக்கை ஒருவர் கையெழுத்தோடு வாங்கிப் பணம் கொடுத்துவிட்டால், விடுபட்டவர் நேராக அந்த வங்கிமேல் வழக்குப் போடலாம். யூசிசியின் 3-420 அதற்கான பிரிவு, மூன்று வருஷம் வரை அவகாசமும் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வங்கியும் “எல்லோரும் கையெழுத்துப் போட்ட செக் என்று உறுதி சொல்லித்தானே எங்களிடம் அனுப்பினீர்கள்” என்று பணத்தைத் திருப்பிக் கேட்கும். வங்கி யாரிடம் போகும்? உங்கள் அக்கவுண்டில் கை வைக்கும். அதற்குள் அந்தப் பணம் ரூஃபருக்குப் போயிருந்தால் உங்கள் அக்கவுண்ட் மைனஸில் நிற்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சட்டப்படி ஒருவர் கையெழுத்து போதும் என்கிற செக்கைக்கூட வங்கி வாங்கியே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அக்கவுண்ட் திறக்கும்போது நாம் படிக்காமல் ஒப்புக்கொள்ளும் அந்த நீளமான ஒப்பந்தத்தில், பல பெயர் உள்ள செக்குகளுக்கு எல்லோரையும் கையெழுத்துப் போடச் சொல்லலாம், நேரில் அடையாள அட்டையோடு வரச் சொல்லலாம் என்று இருக்கும். மொபைலில் இந்த மாதிரிச் செக்குகளை வாங்குவதே இல்லை என்று வைத்திருக்கும் வங்கிகளும் உண்டு.

மனைவி கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். “அவளே போடச் சொல்கிறாள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் உண்மையாகவே அனுமதி கொடுத்திருந்தால், அவர் சார்பாக நீங்கள் போடுவது சட்டப்படி கள்ளக் கையெழுத்து ஆகாது. ஆனால் அந்த அனுமதி வாட்ஸாப் காலில் இருக்கிறது, செக்கின்மேல் இல்லை. மார்ட்கேஜ் கம்பெனியிடம் உங்கள் இருவருடைய கையெழுத்தும் கடன் பத்திரத்தில் இருக்கிறது, வங்கியிடம் சிக்னேச்சர் கார்டு இருக்கிறது. ஒரே பேனா, ஒரே சாய்வு, இரண்டு கையெழுத்து என்று பார்த்துவிட்டு நிறுத்திவைத்தால் நீங்கள் யாரிடம் போய் விளக்குவீர்கள்? குடும்பத்தில் பிணக்கு வந்து பிரியும்போது “என் கையெழுத்தை அவர் போட்டுவிட்டார்” என்று வருகிற புகார்களிலும் பெரும்பாலும் இதே ரகச் செக்குகள்தான் இருக்கும். உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது, ஆனால் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படித் தெரியும்.

பவர் ஆஃப் அட்டர்னி வாங்கலாமா என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வாங்கலாம், மனைவி பெயரை எழுதி, அதன் கீழே உங்கள் பெயரை அவருடைய ‘அட்டர்னி இன் ஃபேக்ட்’ என்று போட்டுக் கையெழுத்திடுவது முறை. ஆனால் கோவையில் நோட்டரி, பிறகு அபாஸ்டில் என்ற அரசுச் சான்று, அல்லது சென்னைத் தூதரகத்தில் நேரம் வாங்கி முத்திரைக்கு 50 டாலர், அப்புறம் இங்கே வந்தால் வங்கி “எங்கள் படிவத்தில் இல்லையே” என்று சொல்லும் வாய்ப்பு. ஒரே ஒரு செக்குக்காக இவ்வளவும் வேண்டாம். செக்கையே கோவைக்கு அனுப்பி அவரைக் கையெழுத்துப் போடச் சொல்வது சுலபம். செக்கின் பின்னால் போடும் கையெழுத்துக்கு நோட்டரி தேவையில்லை, எந்த நாட்டில் உட்கார்ந்து போட்டாலும் கையெழுத்து கையெழுத்துதான். மார்ட்கேஜ் கம்பெனி தனியாக ஏதாவது சான்று கேட்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அனுப்பும்போது வரிசை முக்கியம், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கையெழுத்து எல்லாம் முடிந்த செக் வழியில் தொலைந்தால், வெறும் கையெழுத்து மட்டும் போட்டிருந்தால், அது கிட்டத்தட்ட ரொக்கம் மாதிரி, எடுத்தவன் கையில் இருக்கும். கையெழுத்து ஒன்று பாக்கி இருக்கும்வரை அது பூட்டியே இருக்கும். அதனால் இரண்டு பேர் பெயர் மட்டும் உள்ள செக் என்றால், வெளியூரில் இருப்பவர் முதலில் போட்டு அனுப்ப வேண்டும், செக்கைக் கையில் வாங்கி டெபாசிட் செய்பவர் கடைசியில் போட வேண்டும். பலரும் தாங்கள் போட்டுவிட்டுத்தான் அனுப்புவார்கள், அப்போது திரும்பி வரும் வழியில் இரண்டு கையெழுத்தோடு அது ஊர் சுற்றும். உங்கள் செக்கில் மார்ட்கேஜ் கம்பெனியின் கையெழுத்து கடைசிவரை பாக்கி இருப்பதால் அந்தப் பயம் குறைவு, இருந்தாலும் நீங்களும் பிறகே போடுங்கள். ஊருக்குப் போகிற நண்பர் கையில் கொடுத்தனுப்புவதாக இருந்தால், கையெழுத்துப் போடாமல் கொடுங்கள். பத்தாயிரம் டாலருக்கு மேல் பணமோ பணத்துக்குச் சமமான காகிதமோ கொண்டு போனால் விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும் என்ற விதியில், பெயர் போட்டுக் கையெழுத்து ஆகாத செக் கணக்கில் வராது. அனுப்புவதற்கு முன் இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் மேல் விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் மூன்று கையெழுத்தும் அடங்க வேண்டும், ஆகவே மனைவியிடம் கொஞ்சம் சின்னதாகப் போடச் சொல்லுங்கள்.

ஆனால் இதெல்லாம் அந்தச் செக்கை இன்னும் பயன்படுத்த முடியும் என்றால்தான். இப்போது அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மொபைலில் போடும்போது உங்கள் வங்கியின் ஆப் சொன்னபடி ‘ஃபார் மொபைல் டெபாசிட் ஒன்லி’ என்று எழுதி வங்கி பெயரையும் போட்டிருப்பீர்கள், அல்லவா? அந்த ஒரு வரிதான் உங்கள் இப்போதைய பெரிய தலைவலி. ஒரே செக்கை ஃபோனில் ஒரு தடவை, காகிதமாக இன்னொரு தடவை என்று இரண்டு வங்கியில் போட்டுப் பணம் எடுப்பது நடக்கிற மோசடி. அதற்காகவே 2018 ஜூலையில் ஃபெடரல் ரிசர்வ் ஒரு விதி கொண்டுவந்தது. காகிதச் செக்கை நம்பி வாங்கிய வங்கி, மொபைலில் வாங்கிய வங்கியிடம் நஷ்டத்தைக் கேட்கலாம், ஆனால் காகிதத்தின் பின்னால் ‘மொபைல் டெபாசிட் மட்டும்’ என்று ஏற்கெனவே எழுதியிருந்தும் வாங்கியிருந்தால் கேட்க முடியாது. ஆகவே அந்த வரியைப் பார்த்ததும் எந்த வங்கியும் யோசிக்கும், மார்ட்கேஜ் கம்பெனியின் வங்கியும் யோசிக்கும். கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டால் சில இடங்களில் ஏற்பார்கள், சில இடங்களில் அடித்தல் திருத்தலைப் பார்த்தே திருப்புவார்கள்.

அதனால் என் யோசனை இது. லாஸ் டிராஃப்ட் பிரிவில் பேசும்போது, செக் மொபைலில் போட்டுத் திரும்பியது, பின்னால் இப்படி எழுதியிருக்கிறது, ஏற்பீர்களா என்று நேராகக் கேளுங்கள். தயங்கினால் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கிளெய்ம் ஆளைக் கூப்பிட்டு, பழையதை ரத்து செய்து புதுச் செக் தரச் சொல்லுங்கள். வங்கி திருப்பியதற்கான அறிவிப்பைக் கையில் வைத்திருங்கள், கேட்பார்கள். “மனைவி பெயரை எடுத்துவிட்டு என் பெயருக்கு மட்டும் தாருங்கள்” என்று கேட்டால் பெரும்பாலும் முடியாது என்பார்கள். பாலிசியில் இருவர் பெயரும் இருக்கிறது, மார்ட்கேஜ் கம்பெனி பெயரும் பாலிசியிலேயே எழுதியிருக்கிறது, அவர்களுக்கும் ஒருவரை விட்டுவிட்டுக் கொடுத்தால் இரண்டாவது தடவை கொடுக்க வேண்டிவருமோ என்ற பயம். கேட்பதில் தப்பில்லை. புதுச் செக்கையே நேராகக் கோவை முகவரிக்கு அனுப்பச் சொல்லாதீர்கள், உங்கள் கைக்கு வந்து பிறகு போகட்டும்.

நேரம் போதுமா என்று கவலைப்பட வேண்டாம். தனியார் செக்குகளுக்கு ஆறு மாதம் தாண்டினால் பணம் தர வங்கிக்குக் கடமை இல்லை என்பது சட்டம். சில கம்பெனிகள் முன்பக்கத்தில் 90 நாள், 180 நாள் என்று தாங்களே அச்சடித்திருக்கும், அதைப் பாருங்கள். தேதி தாண்டினாலும் உங்கள் பணம் போய்விடாது, மறுபடி கேட்டு வாங்கும் அலைச்சல்தான். அதுவரை கூரையில் தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். மேலும் சேதம் ஆகாமல் பார்த்துக்கொள்வது பாலிசியில் உங்கள் பொறுப்பு, அதற்கான ரசீதுகளைக் கிளெய்மில் சேர்க்கலாம்.

மார்ட்கேஜ் கம்பெனி விஷயம் தெரியாமல்தான் நிறையப் பேர் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் வீடு அவர்கள் கடனுக்கு அடமானம், கூரை போடாமல் நீங்கள் பணத்தைச் செலவு செய்துவிட்டால் அடமானத்தின் மதிப்பு இறங்கும், அதனால் செக்கில் அவர்கள் பெயர். கிளையில் போய்க் கையெழுத்துக் கேட்டால் கிடைக்காது, நீங்கள் மாதத் தவணை கட்டும் அதே பெயருடைய வங்கிக் கிளையாக இருந்தாலும் அநேகமாகக் கிடைக்காது. அவர்கள் சொல்லும் முகவரிக்குத் தபாலில் போக வேண்டும், சாதாரண தபாலில் இல்லாமல் எண் வைத்துத் தேட முடிகிற மாதிரி. கூடவே இன்ஷூரன்ஸ் ஆள் போட்ட சேத மதிப்பீடு, ரூஃபரின் ஒப்பந்தம், ரூஃபரின் வரி எண்ணைச் சொல்லும் டபிள்யூ-9 படிவம் இவற்றைக் கேட்பார்கள். தவணை ஒழுங்காகக் கட்டியிருந்து தொகை அவர்கள் வைத்திருக்கும் வரம்புக்குள் இருந்தால், பின்னால் கையெழுத்துப் போட்டு உங்களுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வரம்பு கம்பெனிக்குக் கம்பெனி வேறு, போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். அதற்கு மேல் போனால் பணத்தைத் தங்கள் கணக்கில் போட்டுக்கொண்டு தவணை தவணையாக விடுவார்கள். முதலில் ஒரு பகுதி, பாதி வேலை முடிந்ததும் ஒரு ஆள் வந்து பார்த்துப் படம் எடுத்தபின் ஒரு பகுதி, முழுதும் முடிந்து ரூஃபர் தனக்குப் பாக்கி இல்லை என்று எழுதிக் கொடுத்தபின் மிச்சம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அவர்கள் தவணையாக விடும் செக்கும் கடன் வாங்கிய இருவர் பெயரிலும் ‘அண்ட்’ போட்டு வரும், சில சமயம் ரூஃபர் பெயரும் சேர்ந்துவிடும். முதல் செக்கைக் கோவைக்கு அனுப்பி ஒரு வழியாகத் தீர்த்தபிறகு, அடுத்தடுத்த செக்குகளையும் இப்படியே அனுப்பிக்கொண்டிருக்க முடியுமா? ஆகவே அந்தப் பணத்தை நேராக உங்கள் ஜாயிண்ட் அக்கவுண்டுக்கு எலக்ட்ரானிக் முறையில் போடுவார்களா என்று கேளுங்கள், போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கான படிவத்தில் மனைவி கையெழுத்துத் தேவைப்பட்டால், செக்கோடு சேர்த்து அதையும் ஒரே உறையில் அனுப்பி வாங்கிவிடலாம்.

ரூஃபர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் உங்கள் இருவர் கையெழுத்தும் ஆன செக்கை அவர் கையில் கொடுத்தால், வேலை தொடங்கும் முன்பே முழுப் பணத்தின் பிடியும் அவரிடம் போய்விடுகிறது. மார்ட்கேஜ் கம்பெனியும் கடன் வாங்கியவர் அல்லாத ஆளிடம் பேசாது. மார்ட்கேஜ் கம்பெனியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன், முதல் தவணை வந்ததும் வேலை தொடங்கலாம் என்று சொல்லுங்கள், டாலஸ் பக்கத்து ரூஃபர்களுக்கு இந்தக் கதை பழக்கம்தான். “டிடக்டிபிளை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று அவர் சொன்னால் மட்டும் உஷாராக இருங்கள். டிடக்டிபிள் என்பது கிளெய்மில் நீங்கள் கைப்பணமாகப் போட வேண்டிய பங்கு. டெக்சஸில் 2019 செப்டம்பரிலிருந்து டிடக்டிபிளை ரூஃபர் தள்ளுபடி செய்வது சட்டவிரோதம், நீங்கள் கட்டியதற்கான அத்தாட்சியை இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கலாம். முதல் செக் தேய்மானம் கழித்து வந்திருந்தால், வேலை முடிந்தபின் அந்தத் தேய்மானப் பணம் இன்னொரு செக்காக வரும். அதிலும் அதே மூன்று பெயர் இருக்கும், அதற்குள் மனைவி திரும்பியிருப்பார்.

கடைசியாக எல்லாக் கையெழுத்தும் ஆகி உங்கள் கைக்கே வந்தால், மொபைலை மறந்துவிட்டுக் கவுண்டருக்குப் போங்கள். பெரிய செக் என்பதால் பணத்தைச் சில நாள் நிறுத்தி வைப்பார்கள். 6,725 டாலருக்கு மேல் ஒரே நாளில் போடும் செக்குகளில், மேற்பட்ட தொகையை வழக்கத்தைவிட அதிக நாள் பிடித்துவைக்க விதியே இடம் தருகிறது, இந்த வரம்பு 2025 ஜூலையில் உயர்த்தப்பட்டது. ரூஃபருக்குத் தேதி சொல்லும்போது அதைக் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

இதே சாக்கில், பலர் கேட்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இருவர் பெயரில் வந்த செக்கில் ஒருவர் காலமாகிவிட்டால், ‘ஆர்’ இருந்தால் மற்றவர் போட்டுக்கொள்ளலாம், ‘அண்ட்’ இருந்தால் இறந்தவருக்காக அவருடைய சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் நியமித்தவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு செக்குக்காக அந்த வழியில் போவதைவிட, இறப்புச் சான்றிதழின் நகலை அனுப்பி, இருப்பவர் பெயருக்கு மாற்றித் தரச் சொல்வது எளிது. வருமான வரி ரீஃபண்ட் செக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வந்து ஒருவர் இல்லையென்றால், செக்கைத் திருப்பி அனுப்பி 1310 என்ற படிவம் கொடுத்தால் இருப்பவர் பெயரில் தருவார்கள்.

இனி தம்பியின் செக்குகள். இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ‘மிஸ்டர் அண்ட் மிசஸ்’ என்றால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், அது ‘அண்ட்’தான். மனைவி பெயர் செக்கில் உள்ளபடி இல்லை என்பது தனி விஷயம், அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது: செக்கில் எழுதியிருக்கிற பெயரில் ஒரு கையெழுத்து, அதன் கீழே தன் உண்மையான பெயரில் ஒரு கையெழுத்து. நம்மவர்களுக்கு இது அடிக்கடி தேவைப்படும். இனிஷியலை விரித்து எழுதியிருப்பார்கள், அப்பா பெயரை முன்னால் போட்டிருப்பார்கள், ஒரு எழுத்தைத் தின்றிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் இதே மருந்துதான். ஆனால் அந்தப் பெண்ணின் பெயர் தம்பியின் அக்கவுண்டில் இல்லாவிட்டால் எந்தக் கையெழுத்தும் கவுண்டரில் எடுபடாமல் போகலாம், ஆகவே முதலில் இருவரும் பாஸ்போர்ட்டையும் கல்யாணச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போய் அவளை அக்கவுண்டில் சேர்க்கட்டும். அன்பளிப்புச் செக்குகளை அதே நாளில் அதே டெல்லரிடம் கொடுத்துவிடலாம். பின்பக்கம் எதுவும் எழுதாமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள், டெல்லர் முன்னாலேயே போடட்டும்.